தொப்பியில் பொருத்திய கேமரா: ஜஸ்டின்.டிவி நேரலை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2007 மார்ச் 19 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜஸ்டின் கான் என்ற 23 வயது இளைஞர், தொப்பியில் ஒரு சிறு கேமராவைப் பொருத்திக்கொண்டு, தம் வாழ்க்கையை இரவு பகல் பாராமல் இணையத்தில் நேரலையாகக் காட்டத் தொடங்கினார். அவர் எங்கு நடந்தாலும், யாரிடம் பேசினாலும், அவரை முன்பின் அறியாதவர்கள் அதை அவருடைய கண் உயரத்திலிருந்தே பார்த்தார்கள். பார்த்தபடியே சாட்டில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஜஸ்டின்.டிவி என்று பெயரிடப்பட்ட அந்தத் தனிமனித நிகழ்ச்சி ஏறத்தாழ எட்டு மாதங்களே நீடித்தது. அதே குழுவினரிடமிருந்து 2011இல், வீடியோ கேம் நேரலைகளுக்குப் பெயர்பெற்ற ட்விட்ச் தளம் பிறந்தது. 2014 ஆகஸ்ட்டில் அதை 97 கோடி டாலருக்கு வாங்குவதாக அமேசான் அறிவித்தது.

இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்வது எளிது. இந்த ஆய்வு அந்தப் பக்கம் போகவில்லை. இன்று முதன்முதலாக நேரலை தொடங்கும் ஒருவர் முதல் சில வாரங்களில் சந்திக்கும் சிக்கல்கள் அனைத்தையும், முன்னால் போனவர் என்று பெரிதாக எவரும் இல்லாத நிலையில், இந்தக் குழு நடுத்தெருவில் நின்று சந்தித்தது. எந்தச் சிக்கலுக்கு அவர்கள் முதலில் விடை தேடினார்கள், எதைக் கடைசிவரை தள்ளிப்போட்டார்கள் என்ற வரிசையே இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது. மிகக் கடினமான தொழில்நுட்பக் கேள்வியை அவர்கள் முதலிலேயே தீர்த்துவிட்டார்கள். "இதை ஒருவர் இப்போதே, நடக்கும்போதே ஏன் பார்க்க வேண்டும்?" என்ற, பார்ப்பதற்கு எளிமையான கேள்விக்கு விடை கிடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

பின்னணி

கானும் அவருடைய நண்பர் எம்மெட் ஷியரும் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். கிகோ என்ற இணைய நாட்காட்டியை உருவாக்கி, 2006 ஏப்ரலில் கூகுள் தன் நாட்காட்டியை வெளியிட்டதும் போட்டியிட இயலாமல், அதை அதே ஆண்டு ஈபே ஏலத்தில் 2,58,100 டாலருக்கு விற்றவர்கள். அடுத்த முயற்சியில் மைக்கேல் சைபலும், எம்ஐடி மாணவராயிருந்த கைல் வோக்ட்டும் சேர்ந்தனர். நால்வரில் ஒருவருக்கும் காட்சி ஊடகத்தில் பெயரோ பழக்கமோ கிடையாது; அந்த வகையில் அவர்களும் புதிய படைப்பாளர்களே.

வாழ்க்கையை இணையத்தில் திறந்து வைக்கும் எண்ணம் அவர்களுக்கு முன்பே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காபிக் குடுவையில் காபி மீதி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வதற்காக ஒரு கேமரா வைத்தார்கள். 1993இல் அது இணையத்துக்கு வந்தது. 1996இல் ஜெனிபர் ரிங்லி என்ற கல்லூரி மாணவி தம் அறையின் நிழற்படங்கள் சில நிமிடங்களுக்கு ஒரு முறை தாமாகவே இணையத்தில் ஏறும்படி செய்து, அதை 2003 இறுதிவரை தொடர்ந்தார். ஆனால் அவை ஒரே இடத்தில் நிலைத்து நின்ற கேமராக்கள். காட்டியவை அசையாப் படங்கள். கான் குழுவினர் விரும்பியது ஒலியோடும் அசைவோடும், நடமாடும் ஒருவரிடமிருந்து வரும் இடைவிடாத ஒளிபரப்பு. 2007 தொடக்கத்தில் கடையில் வாங்கக்கூடிய எந்தக் கருவியும் அதைச் செய்யவில்லை. முதல் ஐபோன்கூட அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் விற்பனைக்கு வந்தது.

முதுகுப்பையும் அப்லோட் வேகமும்

வோக்ட் உருவாக்கிய அமைப்பு ஒரு முதுகுப்பைக்குள் அடங்கியது. கேமராவிலிருந்து வரும் படத்தை ஒரு கணினி சுருக்கி, செல்பேசி வலையமைப்பு வழியாக அனுப்பியது. அன்றைய அமெரிக்க மூன்றாம் தலைமுறைத் தரமான ஈவிடிஓவின் முதல் பதிப்பில் அப்லோட் வேகத்தின் உச்சமே விநாடிக்கு 153 கிலோபிட்தான். அடுத்த பதிப்பில் ஏட்டளவில் 1.8 மெகாபிட் என்று இருந்தாலும், தெருவில் நடப்பவருக்கு அது கிடைக்காது. ஆகவே ஒரே இணைப்பை நம்பாமல் பல வலையமைப்பு அட்டைகளைச் சேர்த்து, ஒன்று தளரும்போது மற்றொன்று சுமக்கும்படி செய்தார்கள். இன்று வெளிப்புற நேரலையாளர்கள் பல சிம்களை ஒரே கருவியில் பிணைத்து எடுத்துச் செல்கிறார்களே, அதன் முன்னோடி இந்தப் பைதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர்களின் உழைப்பு கேமராவில் செலவாகவில்லை என்பது. தொப்பியில் இருந்தது உயர்தரக் கேமரா அல்ல. புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கேமராவுக்கும் விளக்குக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, வீட்டின் மறுகோடியில் இருக்கும் ரவுட்டரிலிருந்து இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபையை நம்பி உட்காருகிறார்கள். பதிவு செய்த வீடியோவில் இணைய வேகம் குறைந்தால் பதிவேற்றம் தாமதமாகும், அவ்வளவுதான். நேரலையில் குறைந்தால் பார்ப்பவர் முன்னிலையிலேயே படம் நின்றுவிடும்.

வேக விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் எண் பொதுவாக டவுன்லோட் வேகம். நேரலைக்கு வேண்டியது அப்லோட் வேகம். அதிலும் ஒரு கணம் எட்டிப் பார்க்கும் உச்ச வேகத்தால் பயனில்லை, ஒரு மணி நேரமும் குறையாமல் நிற்கும் வேகமே கணக்கில் வரும். 720பி தரத்தில் விநாடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்) அனுப்ப 4 மெகாபிட் அளவிலான பிட்ரேட், அதாவது விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவு, போதும். அப்படியானால், ஒலியை விட்டுவிட்டாலும், ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி டேட்டா வெளியே போகும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி தரும் ப்ரீபெய்ட் திட்டத்தில் இருக்கும் நம்மூர் படைப்பாளருக்கு இதன் பொருள், ஒரு மணி நேர நேரலை அன்றைய கணக்கை ஏறத்தாழ முடித்துவிடும் அல்லது முடியும் முன்பே வேகத்தை முடக்கிவிடும் என்பதே. தரத்தை 480பிக்கு இறக்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெளிவான ஒலியோடு இடைவிடாமல் வரும் 480பி, திணறித் திணறி வரும் 1080பியைவிட மேலானது.

அளந்தறிந்த அப்லோட் வேகத்தில் பாதியளவை மட்டும் பிட்ரேட்டாக வைப்பது என் பழக்கம். மீதி, வீட்டில் வேறொருவர் படம் பார்க்கத் தொடங்கும் கணத்துக்கான காப்பு. கணினி வழியாகச் செய்பவர்கள் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதன் புள்ளிவிவரச் சாளரத்தில் இரண்டு வகை இழப்புகள் தனித்தனியே தெரியும்: வலையமைப்பால் கைவிடப்பட்ட ஃபிரேம்கள், கணினியால் சுருக்கி முடிக்க இயலாமல் தவறிய ஃபிரேம்கள். முதலாவது ஏறினால் பிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். இரண்டாவது ஏறினால் கணினியின் சுமையைக் குறைக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் புதிய கணினி வாங்கியவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியிருந்தது, கணினியை ரவுட்டரோடு நேரடியாக இணைக்கும் ஒரு லேன் கேபிள். கீஃபிரேம் இடைவெளியை 2 விநாடி என்று வைப்பதும் காரணமில்லாமல் அல்ல: முழுப் படமாக வரும் கீஃபிரேமிலிருந்துதான் புதிதாக நுழைபவருக்குக் காட்சி தொடங்க முடியும், ஆகவே அது அரிதாக வந்தால் அவர் வெற்றுத் திரையைப் பார்த்துக் காத்திருக்க நேரும்.

இருபத்துநான்கு மணி நேரம் என்ற தவறு

முதுகுப்பை வேலை செய்தது. தொலைக்காட்சியினர் தேடி வந்து பேட்டி கண்டார்கள். தொங்கூஞ்சல் பயிற்சி, நடனப் பயிற்சி என்று சில நிகழ்ச்சிகளை முன்கூட்டியே திட்டமிட்டுக் காட்டினார்கள். தெருவில் எதிர்பாராமல் நேர்ந்தவையும் சுவை கூட்டின. ஆனால் ஒரு சிறு நிறுவனத்தை நடத்தும் இளைஞரின் நாளில் பெரும்பகுதி கணினி முன்னேதான் கழியும். அதை இருபத்துநான்கு மணி நேரமும் காட்டியபோது, காட்டுவது என்ற செயல் ஓயவில்லையே தவிர, பார்க்க வேண்டியது அடிக்கடி ஓய்ந்துபோனது.

நீளத்தை உள்ளடக்கமாகக் கருதிய இந்தப் பிழை இன்றும் புதியவர்களிடம் பரவலாக இருக்கிறது. நாள்தோறும் ஐந்து மணி நேரம் நேரலையில் அமர்ந்தால் யாராவது வந்துதானே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். வருபவர் தங்குவதற்கு, அடுத்த சில நிமிடங்களில் என்ன நடக்கும் என்று தெரியாத ஏதோ ஒன்று திரையில் இருக்க வேண்டும். சமையல் நேரலையில் அது பாகு பதம் பிடிக்குமா என்பதாக இருக்கலாம். கணக்கு வகுப்பில் மாணவர் அனுப்பிய, ஆசிரியரும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கும் வினாவாக இருக்கலாம். பழுதான வானொலியைப் பிரிக்கும் நேரலையில் குறை எங்கே என்பதாக இருக்கலாம். முடிவு தெரிந்த செய்தியைச் சொல்வதற்குப் பதிவு செய்து வெட்டி ஒட்டிய வீடியோவே ஏற்றது, அதில் பார்ப்பவரின் நேரமும் மிச்சமாகும்.

ஜஸ்டின்.டிவியின் பார்வையாளர்கள் இதை அவர்களுக்கு வேறொரு விதத்தில் உணர்த்தினார்கள். உங்களைப்போல் நாங்களும் நேரலை செய்வது எப்படி என்று அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 2007 மே மாத இறுதியில் ஐஜஸ்டீன் என்ற பெயரில் இன்று பரவலாக அறியப்படும் ஜஸ்டீன் எசாரிக் என்ற பெண் தம் வாழ்க்கையை அதே தளத்தில் ஒளிபரப்பத் தொடங்கினார். அக்டோபரில் தளம் அனைவருக்கும் திறக்கப்பட்டது. தொப்பிக் கேமரா சிறிது காலத்தில் ஓய்வு பெற்றது.

காவலர் வந்த வீடு

தொடக்க காலத்திலேயே நிகழ்ந்த ஒன்றை எந்தப் புதியவரும் தவிர்த்துவிட்டுப் போகக் கூடாது. கானின் குடியிருப்பில் கத்திக்குத்து நடந்துவிட்டதாக யாரோ ஒரு பார்வையாளர் காவல்துறைக்குப் பொய்த் தகவல் கொடுக்க, காவலர்கள் உண்மையென நம்பி அங்கே நுழைந்தார்கள். பின்னாளில் நேரலையாளர்களைத் துரத்திய, ஸ்வாட்டிங் என்று பெயர்பெற்ற கொடுமை இந்தத் துறையின் முதல் நாள்களிலேயே வந்துவிட்டது. அன்று யாருக்கும் காயமில்லை. ஆனால் பின்னாளில், 2017இல் கான்சாஸ் மாநிலத்தில், இத்தகைய ஒரு பொய் அழைப்பால் தொடர்பே இல்லாத ஒருவர் காவலரின் துப்பாக்கிக்கு உயிரிழந்தார்.

நம் சூழலில் ஆயுதக் காவலர் வரும் வாய்ப்பு குறைவு என்று அமைதி கொள்வதில் பொருளில்லை, ஏனெனில் முகவரி கசியும் வழிகள் இங்கும் அவையேதான். சன்னல் வழியே தெரியும் கடைப் பலகை, பின்னால் கேட்கும் கோயில் ஒலிபெருக்கி அறிவிப்பு, திரையைப் பகிரும்போது எட்டிப் பார்க்கும் ஓடிபி குறுஞ்செய்தி, வாசலில் நின்று முழுப் பெயரும் சொல்லி அழைக்கும் கூரியர்காரர், பள்ளிச் சீருடையோடு அறைக்குள் ஓடிவரும் குழந்தை. பதிவு வீடியோவில் இவற்றை வெட்டிவிடலாம். நேரலையில் போனது போனதுதான். ஆகவே முழுத் திரையைப் பகிராமல் வேண்டிய ஒரு சாளரத்தை மட்டும் பகிர்வதும், வேறொரு கைபேசியை அறிவிப்புகளுக்கு வைத்துக்கொள்வதும், வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதும் மைக் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை. கேமராவை ஒரே கணத்தில் மறைக்கும் "சற்றுப் பொறுங்கள்" என்ற காட்சி ஒன்றை ஓபிஎஸ்ஸில் தயாராக வைத்து, அதற்கு ஒரு விசையையும் ஒதுக்கிவைப்பது நல்லது.

சாட்: ஒளிபரப்பின் மறுபாதி

காபிக் குடுவைக்கும் தொப்பிக் கேமராவுக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு என் கணிப்பில் படத்தில் இல்லை. பார்ப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசியதில் இருக்கிறது. அந்த உரையாடல் இல்லையேல் கானின் வெற்று மணி நேரங்களை எவரும் தாங்கியிருக்க மாட்டார்கள். ட்விட்சின் சாட்டும் இணையத்தின் பழைய அரட்டை நெறிமுறையான ஐஆர்சியின் வழியில் அமைந்தது என்பதை அறியும்போது, புதியதாகத் தோன்றும் இந்தக் கலையின் ஒரு கால் எவ்வளவு பழைய மண்ணில் ஊன்றியிருக்கிறது என்பது விளங்கும்.

இதில் புதியவர் இடறும் இடம் தாமதம். பேசும் சொல் பார்வையாளரை அடையச் சில விநாடிகள் ஆகும். யூடியூபின் குறைந்த தாமத அமைப்பிலேயே அது பத்து விநாடி வரை போகலாம். பிறகு அவர் தட்டச்சு செய்ய வேண்டும். இதை அறியாதவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, மூன்று விநாடி மௌனத்துக்குப் பின் "யாரும் பதில் சொல்லவில்லையே" என்று சோர்ந்துவிடுகிறார். பதில்கள் வரும்போது அவர் வேறொன்றுக்குத் தாவியிருப்பார். கேள்வியைப் போட்டுவிட்டுக் கைவேலையைத் தொடர்வதும், பதில் வந்ததும் அதை எழுதியவரின் பெயரோடு உரக்கப் படித்துவிட்டுப் பதிலளிப்பதும் பழகிக்கொள்ள வேண்டிய திறன். உரக்கப் படிப்பதால், பின்னாளில் பதிவைப் பார்ப்பவருக்கும் எதற்கான பதில் அது என்று புரியும்.

சாட்டைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் மாடரேட்டராக ஒரு நண்பரையாவது நியமிக்காமல் தொடங்கக் கூடாது. தடைச் சொற்பட்டியல் நிரப்பும்போது தமிழ் எழுத்தில் மட்டுமன்றி, வசைச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும் பல வடிவங்களையும் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலை உட்கார்ந்து தயாரிப்பது சங்கடமான வேலைதான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

பிறர் உரிமை

தளத்தை எல்லாருக்கும் திறந்ததும், விளையாட்டுப் போட்டிகளின் தொலைக்காட்சி ஒளிபரப்பை அப்படியே திருப்பி விடுபவர்கள் ஜஸ்டின்.டிவியில் குவிந்தார்கள். 2011 ஜனவரியில் கலப்புத் தற்காப்புச் சண்டைப் போட்டிகளை நடத்தும் யூஎஃப்சியின் உரிமையாளர்கள் அதன்மீது வழக்குத் தொடுத்தார்கள். இன்று தளங்களே தானியங்கியாகக் கண்காணிக்கின்றன. யூடியூபில் நேரலை நடக்கும்போதே பிறர் உரிமையுள்ள இசையோ காட்சியோ கண்டறியப்பட்டால் எச்சரிக்கை வரும், அகற்றாவிட்டால் ஒளிபரப்பு தடைபடலாம். பின்னணியில் ஒலிக்கும் திரைப்பாடல் இதில் அடங்கும். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பாட்டு போட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள ஒரே விடை, முகூர்த்த நாளில் நேரலை வைக்காமலிருப்பது.

2011இல் கேட்ட கேள்வி

தளத்தில் ஒரு பகுதி மட்டும் மற்றவற்றிலிருந்து வேறாக இருந்தது: வீடியோ கேம் விளையாடுவதைக் காட்டுபவர்களின் பகுதி. ஷியர் அதை விரும்பிப் பார்ப்பவர். அதை வளர்க்கலாமா என்று ஆராயும்போது, அவர் பார்வையாளர்களைவிட ஒளிபரப்புபவர்களிடமே நேரில் பேசி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார். உழைப்புக்குப் பணம், தடங்கலில்லாத தரமான ஒளிபரப்பு போன்றவை அங்கிருந்து எழுந்த தேவைகள். 2011 ஜூனில் ட்விட்ச் தொடங்கியது. வருவாயைப் பகிரும் பங்காளர் திட்டமும் அந்த ஆண்டே வந்தது.

கேம் ஏன் நேரலைக்குப் பொருந்தியது என்பதே முதலில் தள்ளிப்போன கேள்விக்கான விடை. அதில் முடிவு விளையாடுபவருக்கே தெரியாது. ஒவ்வொரு சுற்றும் பத்து இருபது நிமிடத்தில் முடிந்து அடுத்தது தொடங்குவதால் இடையில் வருபவருக்கும் பிடிமானம் கிடைக்கும். சுற்றுகளுக்கிடையே சாட்டைப் படிக்க இயல்பான இடைவெளி இருக்கும். இந்த மூன்றும் இருக்கிறதா என்று தம் பொருளைச் சோதித்துப் பார்க்கும் புதியவருக்கு, கேம்மீது ஆர்வமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இன்றைய வாசல்கள்

அன்று கானுக்கு அனுமதி தர ஒரு தளமும் இருக்கவில்லை. இன்று தளங்களின் நிபந்தனைகளைத் தாண்ட வேண்டும். யூடியூபில் சேனலைத் தொலைபேசி எண்ணால் உறுதிப்படுத்தி நேரலை வசதியைக் கோரியபின் அது திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். கைபேசிச் செயலியிலிருந்து நேரலை செய்யக் குறைந்தது 50 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். 2025 ஜூலை முதல் 16 வயது நிரம்பாதவர் தனியே நேரலை செய்ய இயலாது. இன்ஸ்டாகிராம் 2025இல் 1,000 ஃபாலோயர்கள் என்ற வரம்பை வைத்தது. நிகழ்ச்சியை அறிவித்துவிட்டு அன்று காலையில் வசதியைத் திறக்கப் போய் ஏமாறுபவர்கள் இருப்பதால், இதை ஒரு வாரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். முதல் ஒளிபரப்பை "பட்டியலிடப்படாதது" என்று வைத்து, இணைப்பை இரண்டு நண்பர்களுக்கு மட்டும் அனுப்பி, அவர்களில் ஒருவரை மலிவான கைபேசியில் மொபைல் டேட்டாவில் பார்க்கச் சொன்னால், ஒலி கேட்கிறதா, எழுத்து படிக்கும் அளவில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஜஸ்டின்.டிவி 2014 ஆகஸ்ட் 5 அன்று மூடப்பட்டது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜூனில், பழைய ஒளிபரப்புகளின் சேமிப்பையும் தளம் நீக்கிவிட்டது. யூடியூப் 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலைகளைத் தானே சேமித்து வைக்கிறது என்றாலும், ஓபிஎஸ்ஸில் ஒளிபரப்பைத் தொடங்கும் பொத்தானோடு பதிவைத் தொடங்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, ஒரு பிரதியைத் தம் வட்டில் வைத்துக்கொள்வது படைப்பாளரின் பொறுப்பு. அந்தப் பதிவை எம்கேவி வடிவத்தில் வைக்க வேண்டும். சாதாரண எம்பி4 கோப்பு முறையாக மூடப்படும் முன் மின்சாரம் போனால் முழுவதும் திறக்காமல் போய்விடக்கூடும்; எம்கேவியில் மின்சாரம் போன கணம் வரை உள்ளது மிஞ்சும்.